டெஸ்ட்டில் சிவப்பு வந்த பையனை உட்கார வைக்கலாமா?

கோபி கோச்
எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கத்தில் பள்ளிப் பசங்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது முதலமைச்சர் கோப்பைக்கு டீம் எடுக்கிற நேரம். போன வாரம் ஒரு தனியார் குழு வந்து எல்லாருக்கும் உடற்தகுதிச் சோதனை வைத்தார்கள். முப்பது மீட்டர் ஓட்டம், பீப் சத்தத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் ஓடுகிற பீப் டெஸ்ட், ஒற்றைக்கால் தாவல், பெட்டி மேலிருந்து குதிப்பது, அப்புறம் தரையில் ஒய் வடிவத்தில் டேப் ஒட்டி ஒற்றைக்காலில் நின்றுகொண்டு மறுகாலை எட்டி நீட்டுவது. கடைசியில் ஆளுக்கொரு கார்டு: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு என்றால் இந்த சீசனில் காலில் அடிபடும், ஸ்குவாடில் சேர்க்காதீர்கள் என்கிறார்கள்.

சிவப்பு வாங்கியவர்களில், தடுப்பு வரிசையின் நடுவில் ஆடுகிற என் சென்டர் பேக்கும் ஒருவன். விடியற்காலை சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு அதே சைக்கிளில் கிரவுண்டுக்கு வருகிறவன். காலை முன்னால் நீட்டும்போது இடதுக்கும் வலதுக்கும் அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசமாம். இன்றுவரை அவனுக்கு ஒரு சுளுக்குகூட வந்ததில்லை. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் வேண்டாமுங்களா சார்?" என்று கேட்கிறான். நான் என்ன பதில் சொல்வதுங்க?

சத்தி பி.டி. வாத்தியார்
"நீ விளையாடுடா கண்ணு" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். அந்த வயசில் ஒரு கார்டு மனசில் போடுகிற வடு லேசில் போகாது.

ஈரோடு பிசியோ
கோச் சார், வாத்தியார் சொன்னதுதான் என் பதிலும். காரணத்தையும் சொல்கிறேன், அந்தக் குழு திரும்ப வந்தால் கேட்க உதவும்.

அஞ்சு சென்டிமீட்டருக்கு அவனுக்குச் சிவப்பு விழுந்தது, நாலைத் தொட்டாலே ஆபத்து என்கிற கணக்கால்தான். அந்தக் கணக்கு 2006இல் அமெரிக்காவில் பிளிஸ்கி குழு செய்த ஆய்விலிருந்து வருகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், ஆனால் அவர்கள் ஆடியது கூடைப்பந்து. முன்பக்கம் நீட்டுவதில் இரண்டு காலுக்கும் நாலு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தவர்களுக்குக் கால் காயம் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய செய்தி. உங்கள் சென்டர் பேக்குக்கு எழுதிய ஜாதகம் இல்லை.

உடல் அசைவுகளுக்கு மார்க் போடுகிற எஃப்.எம்.எஸ். சோதனையும் இதே மாதிரிதான். ஏழு அசைவு, மொத்தம் 21 மார்க், 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து என்பார்கள். 14 என்ற அந்தக் கோடு 2007இல் ஒரே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், 46 பேரை வைத்துப் போட்டது. அது ஹெல்மெட் போட்டு மோதுகிற ஆட்டம், நம்ம ஆட்டமே இல்லை. பிற்பாடு பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அந்த மார்க்கை வைத்து யாருக்கு அடிபடும் என்று சொல்ல முடியவில்லை.

பெட்டி மேலிருந்து குதிக்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் ஏ.சி.எல்., அதாவது முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து நிறுத்தும் நார், போய்விடும் என்று உங்கள் பெண் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். 2005இல் ஹியூவெட் குழு 205 பெண்களைப் பார்த்ததில் 9 பேருக்கு ஏ.சி.எல். கிழிந்தது, அவர்களுடைய முட்டி அதிகம் சாய்ந்திருந்தது. 2016இல் நார்வேயில் க்ரோஸ்ஹாக் குழு எழுநூறுக்கும் மேற்பட்ட ஹேண்ட்பால், ஃபுட்பால் வீராங்கனைகளிடம் அதே மாதிரி குதிக்கும் சோதனையை வைத்துப் பின்தொடர்ந்தார்கள். முட்டி சாய்வதை வைத்து அடிபட்டவர்களையும் படாதவர்களையும் பிரிக்க முடியவில்லை.

அதே 2016இல் நார்வேயின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் ரோல்ட் பார், காயத்தை முன்கூட்டியே சொல்லும் சோதனைகள் ஏன் வேலை செய்வதில்லை என்று விரிவாக எழுதினார். ஒரு சோதனை மூன்று படி ஏற வேண்டும் என்றார். முதலில் மார்க்குக்கும் காயத்துக்கும் தொடர்பு தெரிய வேண்டும். பிறகு அதே கோடு வேறொரு கூட்டத்திலும் நிற்க வேண்டும். கடைசியாக, சோதனை வைத்துச் சிலருக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது, சோதனையே இல்லாமல் எல்லாருக்கும் கொடுப்பதைவிட மேல் என்று காட்ட வேண்டும். அவர் பார்த்தவரை எந்தச் சோதனையும் மூன்றாவது படி ஏறவில்லை.

கோவை ஸ்ட்ரெங்த் கோச்
மேடம், மரியாதையோடு மறுக்கிறேன். டெஸ்ட்டே வீண் என்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. 2008இல் க்ருவாசியே குழு 462 ஃபுட்பால் வீரர்களின் தொடை பலத்தை மெஷினில் அளந்தார்கள். முன்தொடைக்கும் பின்தொடைக்கும் பலம் சமமில்லாமல் அப்படியே ஆடியவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) காயம் நாலைந்து மடங்கு அதிகமாக வந்தது. பயிற்சியில் சரிசெய்தவர்களுக்கு அது குறைந்தது. இது பெரிய விஷயம் இல்லையா? எங்கள் ஜிம்முக்கு வருகிற பையன்களில் பாதிப் பேருக்குப் பின்தொடையில் பலமே கிடையாது. அளக்காமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈரோடு பிசியோ
நல்ல கேள்வி தம்பி. அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் பிறகு கத்தாரில் வான் டைக் குழு அதே மாதிரி மெஷினில் 614 தொழில்முறை வீரர்களை அளந்து நாலு சீசன் பின்தொடர்ந்தது. பலம் குறைந்தவர்களுக்குக் காயம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அடிபட்டவர்களின் அளவும் படாதவர்களின் அளவும் ஒன்றின் மேல் ஒன்று கவிந்து கிடந்தது, நடுவில் கோடு போட இடமே இல்லை.

நீங்களே பாதிப் பேருக்குப் பலம் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பாதிப் பேரைத் தேடிப் பிடிப்பதைவிட மொத்தப் பேருக்கும் பின்தொடைப் பயிற்சி கொடுப்பதுதானே சுலபம்? அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளந்து ஒரு பையனை வெளியே நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

திருப்பூர் செக்கிங்
நான் பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால். இரண்டரை மடங்கு என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான்.

நூறு பையன்கள். சீசனில் 20 பேருக்குப் பெரிய அடி படும் என்று வையுங்கள். டெஸ்ட் சுமாராக நல்லதுதான், அந்த 20 பேரில் 12 பேருக்குச் சிவப்பு கொடுத்துவிடுகிறது. மீதி 80 பேருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் அவர்களில் 24 பேருக்குச் சிவப்பு விழுகிறது. ஆக மொத்தம் சிவப்பு 36, பச்சை 64.

சிவப்பில் அடிபட்டவர் 36க்கு 12, மூன்றில் ஒருவர். பச்சையில் 64க்கு 8, எட்டில் ஒருவர். வகுத்துப் பாருங்கள், இரண்டரை மடங்குக்கு மேலேயே வரும். ஆய்வில் 'ஆபத்து இரண்டரை மடங்கு' என்று எழுதுவது தப்பே இல்லை. ஆனால் அந்தக் கார்டை நம்பி 36 பேரை உட்கார வைத்தால், ஒன்றும் ஆகாத 24 பேரை உட்கார வைத்தீர்கள். பச்சை வாங்கி நிம்மதியாக ஆடிய 8 பேர் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

எங்கள் டேபிளில் ஒரு பீஸைத் தள்ளினால் அதில் ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ கண்ணெதிரே இருக்கும். இந்தப் பையன்களிடம் அப்படி எதுவும் இல்லை. காயம் இன்னும் நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றுக்கு ரிஜெக்ட் போட எனக்கு மனசு வராது.

கோவை ஸ்ட்ரெங்த் கோச்
இந்தக் கணக்கை யாரும் இப்படி எனக்குச் சொன்னதில்லை அண்ணா. சிவப்பு கார்டு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயிற்சி ஏறுகிறதா என்று பார்க்க அளவு வேண்டும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.

பொள்ளாச்சி நம்பர் 4
எல்லாரும் முட்டி, தொடை என்றே பேசுகிறீர்கள். ஆட்டத்தின் எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லையே. எங்கள் பக்கத்துப் பசங்க சீசன் வந்தால் பாலக்காட்டுப் பக்கம் போய் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால், ஆடுவார்கள். இன்றைக்குக் கொழிஞ்சாம்பாறை, நாளைக்கு வேறு ஊர், நடுவில் வேலை, ராத்திரி பஸ்ஸில் தூக்கம். போட்டிக்குப் போட்டி கையில் காசு வருகிறது, அதனால் வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. பீப் டெஸ்ட் வைத்தால் எல்லாரும் ஜோராக ஓடுவார்கள். ஆனால் அங்கேதான் ஹாம்ஸ்ட்ரிங் போகிறது. நானே பார்த்திருக்கிறேன்: பந்தைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் போகிறவன் திடீரென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். யாரும் அவனைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

கிரவுண்டும் சும்மா இல்லை. ஒரு வாரம் செம்மண், மறுவாரம் வெயிலில் வெடித்த கரிசல், அதற்கடுத்த வாரம் டர்ஃப். ஷூ மட்டும் ஒன்றேதான்.

ஈரோடு பிசியோ
தம்பி சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான விஷயம். 2010இல் டூபான் குழு ஓர் ஐரோப்பிய அணியை இரண்டு சீசன் பார்த்தது. வாரம் ஒரு ஆட்டம் ஆடியபோது ஆயிரம் மணி நேரத்துக்கு 4.1 காயம். வாரம் இரண்டு ஆடியபோது 25.6. ஆறு மடங்கு. அதைவிட என்னை உலுக்கிய சங்கதி, அவர்கள் ஓடிய தூரமும் வேகமும் இரண்டு வகை வாரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். களைப்பு ஓட்டத்தில் தெரியவில்லை, காயத்தில் தெரிந்தது. சீசன் தொடக்கத்தில் ஒரு நாள் வைக்கிற சோதனை இதை எப்படிப் பிடிக்கும்?

ஸ்வீடன் டாக்டர் எக்ஸ்ட்ராண்ட் 2001இலிருந்து ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் காயக் கணக்கு எடுத்து வருகிறார். 25 பேர் ஸ்குவாடுக்கு ஒரு சீசனில் சராசரியாக 50 காயம் வரும் என்கிறது அந்தக் கணக்கு. பயிற்சியில் ஆயிரம் மணி நேரத்துக்கு 4 என்றால் போட்டியில் 27க்கு மேல். உலகத்திலேயே அதிகம் சோதிக்கப்படும் வீரர்கள் அவர்கள். இருந்தும் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தின் பங்கு இருபது வருஷத்தில் 12 சதவீதத்திலிருந்து 24க்கு ஏறிவிட்டது.

அவ்வளவு ஆய்வுக்குப் பிறகும் வலுவாக நிற்கிற எச்சரிக்கை ஒன்று உண்டு, அதற்கு மெஷின் வேண்டாம்: 'உனக்கு முன்னால் எங்கே அடிபட்டது?' ஸ்வீடன் வீரர்களை வைத்து ஹெக்லுண்ட் குழு 2006இல் காட்டியது, போன சீசனில் ஹாம்ஸ்ட்ரிங்கிலோ கவட்டையிலோ முட்டியிலோ அடிபட்டவருக்கு அடுத்த சீசனில் அதே மாதிரிக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். கோச் சார், அந்தக் குழு உங்கள் பசங்களிடம் இதைக் கேட்டதா?

கோபி கோச்
கேட்கவில்லைங்க மேடம். பச்சை வாங்கிய ஒரு பையனுக்குப் போன வருஷம் கணுக்கால் இரண்டு முறை பிசகியது. கட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டு, வீக்கம் வற்றியதும் வந்துவிட்டான். அவனைப் பற்றி யாரும் கவலைப்படவே இல்லை.

ஈரோடு பிசியோ
முதலில் அவனைப் பாருங்கள். வீக்கம் வற்றியதும் கால் தயார் என்று அர்த்தமில்லை. ஒற்றைக்காலில் நிற்க விடுங்கள், கண்ணை மூடி நிற்க விடுங்கள், அதே காலில் பக்கவாட்டில் தாவ விடுங்கள். தயங்கினால் பயிற்சி பாக்கி இருக்கிறது. இனிமேல் யாருக்காவது கணுக்கால் பிசகினால், அடிபட்ட உடனே நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டின் பின்பக்கம் அழுத்தினால் எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எந்தக் கட்டும்.

கோவை விங்கர்
நான் காலேஜ் டீமில் ஆடியவள். ஏ.சி.எல். கிழிந்து ஆபரேஷன் ஆனது. டெஸ்ட்டே வேண்டாம் என்று யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், ஏனென்றால் திரும்பி வருகிறவளுக்கு அதுதான் கைப்பிடி. ஆறு மாசத்தில் ஓட முடிந்தது, வலியும் இல்லை. டோர்னமென்ட் வருகிறது, வந்துவிடு என்று கூப்பிட்டார்கள். என் பிசியோ விடவில்லை. நல்ல காலில் எவ்வளவு தூரம் தாவுகிறேனோ அதில் தொண்ணூறு சதவீதமாவது ஆபரேஷன் ஆன காலில் தாவ வேண்டும், முன்தொடை பலமும் அதே அளவு வர வேண்டும், ஒன்பது மாசமும் முடிய வேண்டும் என்றார். அன்றைக்கு அவர் மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் ஆடுகிறேன் என்றால் அவரால்தான்.

ஈரோடு பிசியோ
அம்மணி, உங்கள் பிசியோவுக்கு என் வணக்கம். 2016இல் கிரின்டெம் குழு 106 பேரைப் பின்தொடர்ந்தது. அந்த மாதிரிச் சோதனைகளில் தேறாமல் ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு முட்டியில் மறுபடி அடி. தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம்தான். ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் பொறுத்ததற்கும் ஆபத்து பாதியாகக் குறைந்தது. ஏற்கெனவே அடிபட்ட ஒரு கால், அதன் பக்கத்திலேயே ஒப்பிட நல்ல கால். இந்த இடத்தில் சோதனை நிஜமாகவே வேலை செய்கிறது. அடியே படாத பையனுக்கு ஆரூடம் சொல்லும்போதுதான் தடுமாறுகிறது.

அந்தியூர் அப்பா
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். பையனுக்குப் பதிமூணு வயசு. இந்த வருஷம் கிடுகிடுவென வளர்ந்துவிட்டான். முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, குதித்தால் வலி என்கிறான். அவனுக்கும் இப்படி டெஸ்ட்டில் குறைந்த மார்க். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

ஈரோடு பிசியோ
வளர்கிற வயசில் அடிக்கடி வருவது, ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர். முன்தொடைத் தசைநார் வந்து ஒட்டுகிற இடத்தில் எலும்பு இன்னும் முற்றியிருக்காது, தாவத் தாவ இழுபட்டு வலிக்கும். பெரும்பாலும் வளர்ச்சி முடிந்ததும் அடங்கிவிடும். வலிக்கிற அளவுக்கு ஏற்ப ஆட்டத்தைக் குறையுங்கள், ஒருமுறை எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ராத்திரி தூக்கத்தில் வலித்தாலோ, ஒரே காலில் வீங்கிக்கொண்டே போனாலோ தள்ளிப்போடாதீர்கள். வலியோடு தாவினால் மார்க் குறையத்தான் செய்யும். வேகமாக வளரும் வருஷத்தில் உடம்பின் நிதானமே மாறிவிடும், அதனால் அந்த வயசு மார்க்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சத்தி பி.டி. வாத்தியார்
கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி கிளப் ஆடிய காலத்தில், அவர்கள் ஐ-லீக் என்கிற தேசிய ஃபுட்பால் லீக்கை ஜெயித்த 2018-19 சீசனில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவோம். வார்ம் அப்பைப் பாருங்கடா என்பேன். நம் பசங்க ஷூ லேஸ் கட்டியதும் கோலைப் பார்த்து ஷூட் அடிப்பதைத்தான் வார்ம் அப் என்று நினைக்கிறார்கள். அதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கோபி கோச்
சரிங்க, பையனிடம் பேசிவிட்டேன். பொழுதோட பிராக்டிஸுக்கு வந்தான். கார்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன். இனி என்ன செய்வது என்று சொல்லுங்கள். எங்களிடம் மெஷின் கிடையாது, கூம்பு கூட பத்துப் பன்னிரண்டுதான்.

ஈரோடு பிசியோ
கூம்பு போதும் சார். ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒரு வார்ம் அப் இருக்கிறது, பதினாலு வயசுக்கு மேல். இருபது நிமிஷம். எட்டு நிமிஷம் நிதானமான ஓட்டமும் இடுப்பைத் திறந்து மூடுவதும். அடுத்து பத்து நிமிஷம் பலம், நிதானம், தாவல்: பிளாங்க் (முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), பக்கவாட்டு பிளாங்க், ஹாம்ஸ்ட்ரிங், ஒற்றைக்கால் நிற்பு, ஸ்குவாட், குதிப்பு. கடைசி இரண்டு நிமிஷம் வேக ஓட்டமும் திசை மாற்றமும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான பெண்களிடம் 2008இல் ஆய்வு செய்ததில் காயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆண்களிடம் 2015இல் 46 சதவீதம். வாரம் இரண்டு முறையாவது செய்ய வேண்டும். போட்டி நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு முதலும் கடைசியும் போதும். குட்டிப் பசங்களுக்குத் தனியாக ஒன்று உண்டு, கீழே விழுந்து உருளுவதுகூட அதில் சொல்லித்தருவார்கள்.

யாருக்கும் சோதனை வைத்துப் பிரிக்காமல் எல்லாருக்கும் கொடுத்ததுதான் இந்தப் பலன். சிவப்புப் பையனும் செய்வான், பச்சைப் பையனும் செய்வான்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். பழைய காயம் ஒரு பக்கம். அந்த வாரம் எத்தனை ஆட்டம், பள்ளி, கிளப், செவன்ஸ் எல்லாம் சேர்த்து, இன்னொரு பக்கம். தாவல் அளவு எடுத்தால் அதையும் எழுதுங்கள், நாளைக்கு அடிபட்டால் திரும்பி வர அதுதான் குறி. இதயப் பரிசோதனை வேறு சங்கதி, ஓடும்போது மயங்கி விழுந்த பையனோ, வீட்டில் சின்ன வயசில் திடீர் மரணம் நடந்த பையனோ இருந்தால் டாக்டர் பார்க்காமல் இறக்காதீர்கள்.

கோவை ஸ்ட்ரெங்த் கோச்
நோட்டு யோசனை அருமை. கோச் அண்ணா, ஒரு ஞாயிறு நான் கோபிக்கு வருகிறேன். தாவல் அளவெல்லாம் எடுத்துத் தருகிறேன், கலர் இல்லாமல்.

கோபி கோச்
வாங்க தம்பி, மத்தியான சாப்பாடு நம்ம வீட்டில். மேடம், ஒரு சந்தேகம். ஹாம்ஸ்ட்ரிங் பயிற்சியை எங்கள் கிரவுண்டில் எப்படிச் செய்வது? மண்ணில் கல் நிறைய.

ஈரோடு பிசியோ
முட்டிக்குக் கீழே சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். பையன் முட்டி போட்டு நிமிர்ந்து இருக்கட்டும், பின்னால் ஒருவன் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். முட்டியிலிருந்து தலை வரை ஒரே கோடாக வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாய வேண்டும். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது. இனி தாங்காது என்கிற இடத்தில் கையை ஊன்றி விழலாம். இடுப்பை மடித்து ஏமாற்றுவார்கள், அதை மட்டும் கவனியுங்கள். முதலில் மூன்றிலிருந்து ஐந்து முறை போதும், வாரங்கள் போகப் போகக் கூட்டுங்கள். டென்மார்க்கில் 942 வீரர்களை வைத்துச் செய்த ஆய்வில் புதிய ஹாம்ஸ்ட்ரிங் காயம் பாதிக்கு மேல் குறைந்தது இந்த ஒரே பயிற்சியில்தான்.

முதல் வாரம் பின்தொடை நன்றாக வலிக்கும், பசங்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போட்டிக்கு முந்தின நாள் வைக்காதீர்கள்.

பொள்ளாச்சி நம்பர் 4
கணுக்காலைப் பிடிக்கிறவன் எடை குறைந்தவனாக இருந்தால் தூக்கிவிட்டுவிடும் கோச். சென்டர் பேக்குக்கு உங்கள் கோல்கீப்பரைப் பிடிக்க விடுங்கள்.